பழைய ஜிபிஎஸ்ஸைக் கழற்றி புதுசை மாட்டும்போது: ராமேஸ்வரம் கடலில் 185 மீட்டர் என்பது எவ்வளவு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன் பழசாச்சுன்னா நாம என்ன செய்வோம்? புதுசு வாங்குவோம், பழசுல இருக்கிறதை எல்லாம் ஒரு கேபிள்லயோ வைஃபைலயோ அனுப்புவோம், அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும். ஒரு போட்டோ விட்டுப்போனா கொஞ்சம் வருத்தம், அவ்வளவுதான்.

இதே வேலையை ஒரு படகுல செய்றதா நினைச்சுப் பாருங்க. பத்துப் பதினைஞ்சு வருஷமா ஓடின ஜிபிஎஸ், ஆழம் காட்டுற எக்கோ சவுண்டர், பேசுறதுக்கு ஒரு விஎச்எஃப் செட். இதை எல்லாம் கழற்றிட்டு புதுசு மாட்டணும். அதுவும் ராமேஸ்வரத்துல. அங்கே ஒரு எண்ணைத் தப்பா ஏத்தினா நடக்கக்கூடியது வருத்தம் இல்லை. வேற நாட்டு சிறை.

இந்த எபிசோட்ல அதைத்தான் பார்க்கப் போறோம். பழைய கருவிகளுக்கு என்ன ஆகுது, மாத்தும்போது எங்கே சறுக்கும், புதுசா வந்திருக்கிற டிரான்ஸ்பாண்டர், ஜெமினி எல்லாம் என்ன வேலை செய்யுது. படகே இல்லாதவங்களுக்கும் இதுல விஷயம் இருக்கு. ஏன்னா உங்க போன்ல இருக்கிற மேப்பும் இதே கணக்குலதான் ஓடுது.

12 கடல் மைல்தான் இடம்

முதல்ல இடத்தைப் புரிஞ்சுக்கலாம். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருக்கிறது பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பாக் விரிகுடா ஆழமே இல்லாத கடல். பெரும்பாலான இடத்துல 15 மீட்டருக்குள்ளதான். ஒரு நாலு, அஞ்சு மாடிக் கட்டடம் அளவு.

1974-ல இந்தியாவும் இலங்கையும் இந்தக் கடல்ல ஒரு எல்லைக் கோடு போட்டாங்க. ஆறு புள்ளிகள். அந்த ஆறையும் வரிசையா இணைச்சா வர்றதுதான் கோடு. 1976-ல இன்னொரு ஒப்பந்தம் போட்டு மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் கோட்டை நீட்டினாங்க. கச்சத்தீவு இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே, இலங்கைப் பக்கம் இருக்கு.

அந்த ஒப்பந்தத்துல இருக்கிற எண்களை வெச்சுக் கணக்குப் போட்டா, ராமேஸ்வரத்திலிருந்து நேர் கிழக்கே கோடு வர்ற இடம் ஏறக்குறைய 12 கடல் மைல். அதாவது 22 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து சென்னை சென்ட்ரல் போற தூரத்துக்கே இது கொஞ்சம் கம்மி. மணிக்கு 8 கடல் மைல் வேகத்துல போற ஒரு விசைப்படகு ஒன்றரை மணி நேரத்துல அங்கே போயிடும்.

இதுல கரையோரக் கடல் நாட்டுப்படகுகளுக்கானது. விசைப்படகுகள் அங்கே வலை இழுக்கக் கூடாது. மிச்சம் இருக்கிற பட்டைலதான் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் தொழில் பார்க்குது. எல்லை தாண்டியதா சொல்லிக் கைது, படகு பறிமுதல்னு நீங்க செய்தியில படிக்கிற எல்லாமே இந்தக் குறுகிய இடத்துல நடக்கிறது. அப்படிக் கைது நடந்தா மீனவரோட படகும் போகுது, அதுல இருக்கிற கருவியும் போகுது. பல லட்ச ரூபாய் படகு திரும்பி வருமான்னே தெரியாது.

ஆக, "நான் இப்போ எங்கே இருக்கேன்?" அப்படிங்கிற கேள்விக்கு இந்தக் கடல்ல விலை ரொம்ப ஜாஸ்தி.

ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி

பாய் விரிச்சு ஓடின வள்ளமும் வத்தையும்தான் இந்தக் கடலோட பழைய படகுகள். மெட்ராஸ் மீன்வளத் துறைல வேலை பார்த்த ஜேம்ஸ் ஹோர்னெல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல இந்தப் படகுகளைப் பத்தி விரிவா எழுதி வெச்சிருக்கார். அந்தப் படகுகள்ல கருவின்னு எதுவும் கிடையாது. ஆனா அளவு இருந்தது.

ஆழத்துக்கு, ஈயக்குண்டு கட்டின கயிறு. கயிற்றை 'பாகம்' கணக்குல அளப்பாங்க. ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம் ஒரு பாகம், கிட்டத்தட்ட 1.8 மீட்டர். இடத்துக்கு, கரைல ரெண்டு அடையாளம். கோயில் கோபுரம் ஒண்ணு, அதுக்குப் பின்னாடியோ முன்னாடியோ ஒரு மரம் அல்லது கலங்கரை விளக்கம். ரெண்டும் ஒரே கோட்டுல தெரிஞ்சா நீங்க அந்தக் கோட்டு மேல எங்கேயோ இருக்கீங்க. இதே மாதிரி வேற திசைல இன்னொரு ஜோடி. ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் உங்க இடம். திசைக்கு நட்சத்திரம், காற்றுக்கு வாடை, கச்சான், கொண்டல்னு பெயரே திசையைச் சொல்லிடும்.

இந்த முறைல ஒரே பிரச்சினை: கரை தெரியணும். மூடுபனி, மழை, ராத்திரி, இதுல எது வந்தாலும் கஷ்டம்தான்.

அப்புறம் ஜிபிஎஸ் வந்தது. ஆரம்பத்துல அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலை வேணும்னே கெடுத்துதான் கொடுத்தது. 100 மீட்டர் வரைக்கும் தப்பு காட்டும். 2000-ஆம் வருஷம் மே மாசம் அதை நிறுத்தினாங்க. ஒரே ராத்திரில உலகத்துல இருக்கிற எல்லா ஜிபிஎஸ் கருவியும் பத்து மீட்டர் அளவுக்குத் துல்லியமா ஆயிடுச்சு. யாரும் புதுசு எதுவும் வாங்கலை!

அதுக்கப்புறம் வாங்கின கருவிகள்தான் இன்னைக்குப் "பழைய கருவி" ஆகியிருக்கு.

பழைய ஜிபிஎஸ்ஸுக்கு என்ன ஆகுது?

நாலு விதத்துல பழசாகும்.

ஒண்ணு, உப்பு. கனெக்டர் பின்ல பச்சை பூத்திருக்கும். இது கருவியோட தப்பு இல்லை, வயரோட தப்பு. இதைப் பத்தித் தனியா பேசுவோம்.

ரெண்டு, திரை. வெயில்ல கிடந்து எல்சிடி கருத்துப்போகும். பாதி எண் தெரியாது. 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியலைன்னா அந்தத் திரை இருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு.

மூணு, உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி. பல பழைய மாடல்கள்ல நினைவகத்தைக் காப்பாத்துறது போர்டுல சால்டர் பண்ணின ஒரு காசு அளவு லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தா, கருவியை அணைச்ச உடனே சேமிச்ச புள்ளிகள் எல்லாம் காலி. இதுல போறது வெறும் எண் இல்லை. எந்தப் பார்ல என்ன மீன் கிடைக்கும், எந்த இடத்துல மூழ்கின படகு கிடந்து வலையைக் கிழிக்கும்னு இருபது வருஷமா சேர்த்த பட்டியல். 'பார்'னா கடலுக்கு அடியில இருக்கிற பாறைத் திட்டு, பவளத் திட்டு. படகு விலையோட சேர்த்து இந்தப் பட்டியலையும் ஒரு சொத்தாத்தான் சம்மாட்டிகள் பார்ப்பாங்க. சம்மாட்டின்னா படகு முதலாளி.

நாலாவது கொஞ்சம் வேடிக்கையானது: நாள்காட்டி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தேதியை வாரக் கணக்குலதான் அனுப்பும். அந்த எண்ணுக்குக் கொடுத்த இடம் 10 பிட். அதாவது 0-லிருந்து 1023 வரைக்கும்தான் எண்ண முடியும். 1024 வாரம் முடிஞ்சா மறுபடியும் பூஜ்யம். 1024 வாரம்னா ஏறக்குறைய 19.6 வருஷம். கணக்கு 1980 ஜனவரி 6-ல தொடங்குச்சு. முதல் சுற்று 1999 ஆகஸ்ட்ல முடிஞ்சது, ரெண்டாவது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவுல. அடுத்தது 2038 நவம்பர்.

பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000 காட்டும் இல்லையா, அதே கதை. அதுக்கான ஏற்பாடு இல்லாத பழைய கருவிகள் 2019-ல இருபது வருஷம் பின்னாடி போயிடுச்சு. சில கருவிகள் அதோட சாஃப்ட்வேர் எழுதின நாளிலிருந்து 1024 வாரத்தை எண்ணும். அதனால சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு நாள்ல திடீர்னு தேதி மாறும். இப்படி ஆனாலும் பெரும்பாலும் இடத்தைச் சரியாத்தான் காட்டும். ஆனா தேதியை நம்பி வர்ற ஓதம் ஏறுற இறங்குற நேரம், சூரியன் உதிக்கிற நேரம், எந்த நாள் எந்த வழியா போனோம்ங்கிற பதிவு எல்லாம் தப்பு. எல்லை தாண்டலைன்னு நிரூபிக்க அந்தப் பதிவைக் காட்ட வேண்டி வந்தா, 1999-ஆம் வருஷத் தேதி போட்ட பதிவை யார் நம்புவாங்க?

உங்க கருவி காட்டுற தேதி தப்பா இருந்தா, கம்பெனி தர்ற சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா அதுதான் மாத்தவேண்டிய நேரம்.

புள்ளிகளை மாத்துறது: இங்கேதான் சறுக்கும்

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். புது கருவி வந்தாச்சு. பழசுல இருக்கிற புள்ளிகளை ஏத்தணும். பழைய கருவில கேபிள் போடுற வழி இருக்காது, பல நேரம் கையாலதான் எழுதி ஏத்தணும். ஒரே இடத்தை மூணு விதமா எழுதலாம்ங்கிறதுதான் சிக்கல்.

முதல் முறை, டிகிரியும் நிமிடமும், நிமிடத்துக்குப் பின்னாடி புள்ளி போட்டு: 9 டிகிரி 17.500 நிமிடம். ரெண்டாவது, டிகிரி, நிமிடம், நொடி: 9 டிகிரி 17 நிமிடம் 30 நொடி. மூணாவது, வெறும் டிகிரி: 9.2917. மூணும் ஒரே இடம்தான்.

இப்போ பழைய கருவி 17.500-ன்னு காட்டுது, புதுசு நொடி கேக்குது. அவசரத்துல ஒருத்தர் 17 நிமிடம் 50 நொடின்னு போட்டுட்டார். 30-க்குப் பதிலா 50. 20 நொடி வித்தியாசம். அட்சரேகைல ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர். ஒரு நொடி கிட்டத்தட்ட 31 மீட்டர். 20 நொடி? 617 மீட்டர். மீன் இருக்கிற பார் ஒரு இடம், படகு நிக்கிறது இன்னொரு இடம்.

பாருக்கு இப்படின்னா எல்லைக் கோட்டுக்கு? 1974 ஒப்பந்தத்துல எல்லைப் புள்ளிகளை நிமிடத்துக்குப் பின்னாடி புள்ளி போட்டுத்தான் எழுதியிருக்காங்க. மூணாவது புள்ளியோட அட்சரேகை 9 டிகிரி 40.15 நிமிடம். இதை 40 நிமிடம் 15 நொடின்னு படிச்சா? 0.15 நிமிடம்னா 9 நொடிதான். 6 நொடி கூடுது. 185 மீட்டர்.

185 மீட்டர் என்ன பெரிய விஷயம்னு தோணலாம். ஒரு பிளாட்பாரத்தை விடக் கம்மி. ஆனா கருவியில இருக்கிற கோடே தப்பா இருந்தா, நீங்க எவ்வளவு கவனமா ஓட்டினாலும் அந்தத் தப்பு கூடவே வரும். கோட்டுக்கு உள்ளேதான் இருக்கேன்னு கருவி சொல்லும், எதிர்ல வர்ற ரோந்துப் படகோட கருவி இல்லைன்னு சொல்லும்.

இதோட சேர்த்து இன்னொரு அமைப்பு இருக்கு, அதுக்குப் பேர் 'டேட்டம்'. பூமி சரியான உருண்டை இல்லை, அதனால அதை எந்த வடிவமா எடுத்துக்கிட்டு அளக்கிறோம்னு முதல்ல முடிவு பண்ணணும். இந்தியாவோட பழைய நில வரைபடங்கள் 'எவரெஸ்ட்'ங்கிற அளவைல போட்டது. ஜிபிஎஸ் 'டபிள்யூஜிஎஸ் 84'ங்கிற அளவைல ஓடுது. ரெண்டுக்கும் நம்ம பக்கத்துல நூறு, இருநூறு மீட்டர் தள்ளும். பழைய கருவில யாரோ ஒரு நாள் டேட்டத்தை மாத்தி வெச்சிருந்தா, அதுல சேமிச்ச எண் எல்லாமே அந்தக் கணக்குல இருக்கும். அதனால எண்ணை எடுக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு கருவிலயும் எழுதுற முறையும் டேட்டமும் ஒண்ணா இருக்கான்னு செட்டிங்ஸ்ல பாருங்க.

சரி, எல்லாம் ஏத்தியாச்சு. சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? எளிமையான சோதனை இருக்கு. பழசு, புதுசு ரெண்டையும் ஆன் பண்ணி ஜெட்டில ஒரே இடத்துல வைங்க. ரெண்டும் காட்டுற எண் ஒண்ணா வரணும். அப்புறம் தெரிஞ்ச ஒரு இடத்துக்கு, பாம்பன் பாலத்துக்குப் பக்கத்துலன்னு வெச்சுக்கோங்க, போய்ப் பாருங்க. பழசைத் தூக்கிப் போடாம குறைஞ்சது ஒரு சீசனாவது பக்கத்துல ஓடவிடுங்க.

எக்கோ சவுண்டர்: 10-ன்னா எது 10?

ஆழம் காட்டுற கருவி எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா மாத்துறதும் புரிஞ்சிடும். படகுக்கு அடியில ஒரு டிரான்ஸ்டியூசர் இருக்கும். அது 'டக்'குனு ஒரு ஒலி அனுப்பும். ஒலி தரையில பட்டுத் திரும்பி வரும். தண்ணில ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். 10 மீட்டர் ஆழம்னா போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர். ஒரு நொடில எழுபத்தஞ்சுல ஒரு பங்கு. அந்த நேரத்தை அளந்துதான் ஆழத்தைச் சொல்லுது.

வாங்கும்போது ரெண்டு அலைவரிசை சொல்வாங்க: 50 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோஹெர்ட்ஸ். 50 ஆழமான கடலுக்கு, ரொம்ப தூரம் போகும், ஆனா படம் அகலமா, மொத்தையா வரும். 200 ஆழம் போகாது, ஆனா படம் துல்லியம். பாக் விரிகுடாவுக்கு 200 போதும். தெற்கே மன்னார் வளைகுடால ஆழ்கடலுக்குப் போற படகுக்குத்தான் 50 தேவை. 'ஆயிரம் மீட்டர் வரை காட்டும்'னு விளம்பரத்துல இருக்கிறதைப் பார்த்து 15 மீட்டர் கடலுக்கு வாங்குறது, தெருமுனைக் கடைக்குப் போக லாரி வாங்குற மாதிரி.

மாட்டும்போது டிரான்ஸ்டியூசர் எங்கே இருக்குங்கிறதுதான் பாதி விஷயம். காற்றுக் குமிழி வர்ற இடத்துல, அதாவது புரொப்பல்லருக்குப் பக்கத்துலயோ அடிப்பலகை விளிம்புக்குப் பின்னாடியோ வெச்சா, படகு நிக்கும்போது நல்லா காட்டும், ஓடும்போது ஒண்ணும் காட்டாது. ஒலிக்குக் காற்று பெரிய சுவர். கெட்டியான ஃபைபர் உடம்பு வழியா ஒலி போகும், அதனால உள்ளேயே ஒட்டிடலாம். மரப் படகுல அது முடியாது, டிரான்ஸ்டியூசர் தண்ணியைத் தொடணும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனா படகைத் தரை தட்ட வைக்கிற விஷயம். புது கருவி எந்த அளவுல எண்ணைக் காட்டுது? மீட்டரா, அடியா, பாகமா? திரைல 10-ன்னு வருது. பாகம்னா 18 மீட்டர். அடின்னா 3 மீட்டர். பாகக் கணக்குலயே பழகின டிரைவர் கையில அடிக் கணக்குல அமைச்ச கருவியைக் கொடுத்தா, அவர் ஆழ்கடல்னு நினைச்சுப் பவளத் திட்டு மேல ஏறிடுவார். மன்னார் வளைகுடாவோட 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே திட்டுல மோதினா படகும் போகும், பவளமும் போகும்.

பேசினா அணைஞ்சுபோற செட்

இப்போ விஎச்எஃப். அவசரத்துக்குக் கூப்பிடுற சேனல் 16, உலகம் முழுக்க ஒண்ணுதான். மண்டபத்துல இருக்கிற கடலோரக் காவல்படையும் அதைக் கேட்டுக்கிட்டு இருக்கும்.

விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுலதான் போகும். பூமி வளையுது. அதனால எவ்வளவு தூரம் கேட்கும்ங்கிறது ஆன்டெனா உயரத்தைப் பொறுத்தது. உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2.2-ஆல பெருக்குங்க. அவ்வளவு கடல் மைல். 4 மீட்டர் உயரத்துல ஆன்டெனா இருந்தா 4.4 கடல் மைல். அதே உயரத்துல இன்னொரு படகு இருந்தா ரெண்டையும் கூட்டணும்: ஏறக்குறைய 9. கரைல 50 மீட்டர் டவர் இருந்தா 20 கடல் மைல் வரைக்கும் பேசலாம். ஆக, விலை கூடின செட் வாங்குறதை விட, இருக்கிற ஆன்டெனாவைக் கம்பத்தோட உச்சிக்கு ஏத்துறது அதிகப் பலன். பாய்மரப் படகுக்காரங்க இந்த விஷயத்துல அதிர்ஷ்டசாலிங்க, உயரமான கம்பம் ஏற்கெனவே இருக்கு.

இப்போ நான் முன்னாடி சொன்ன வயர் கதை. செட் நல்லா கேட்குது, ஆனா பேச பட்டனை அமுக்கினா அணைஞ்சுடுது. உடனே "செட் போச்சு, புதுசு வாங்கு"ம்பாங்க. கொஞ்சம் கணக்குப் போடலாம். 25 வாட் செட் பேசும்போது ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிலிருந்து செட்டுக்கு 10 மீட்டர் வயர், போக வர 20 மீட்டர். வீட்டு லைட்டுக்குப் போடுற 1 சதுர மில்லிமீட்டர் வயர்னா அதோட தடை 0.35 ஓம். 6-ஐ 0.35-ஆல பெருக்குனா 2.1 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிலிருந்து செட்டுக்குப் போய்ச் சேர்றது பத்துக்கும் கீழே. செட் அணைஞ்சுடும். கேட்கும்போது அரை ஆம்பியர்கூட இழுக்காது, அதனால அப்போ பிரச்சினை தெரியாது. கூப்பிட்டே ஆகணும்ங்கிற நேரத்துலதான் தெரியும்.

இதே இடத்துல 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டா இழப்பு அரை வோல்ட்தான். அதுவும் ஈயம் பூசின செம்பு வயரா இருந்தா உப்புக் காத்துல சீக்கிரம் கருக்காது. இப்படி வயரை மட்டும் மாத்தினா பல "பழுதான" கருவிகள் உயிர் பெற்றுடும். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ் போடுங்க. ஸ்பீக்கரை காம்பஸுக்குப் பக்கத்துல வைக்காதீங்க. ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கு, முள் அது பக்கம் சாயும்.

சட்டம் பத்தியும் ஒரு வார்த்தை. விஎச்எஃப் செட்டுக்கு மத்திய அரசோட வயர்லெஸ் உரிமம் வேணும். வெளிநாட்டுல இருந்து வர்ற துரையா, இரிடியம் சாட்டிலைட் போனை அனுமதியில்லாம வெச்சிருந்தா இந்தியால குற்றம். யாராவது மலிவா தர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க.

புதுசா வந்த மூணு பெட்டிகள்

2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் வந்தப்போ கன்னியாகுமரிக்காரங்க நிறைய பேர் ஆழ்கடல்ல இருந்தாங்க. புயல் வருதுன்னு கரைல தெரியும், கடல்ல இருந்தவங்களுக்குத் தெரியலை. போன் சிக்னல் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதுக்கப்புறம்தான் செயற்கைக்கோள் வழியா படகோட பேசுறதுக்கு வேகம் வந்தது.

ஒண்ணு, ஜெமினி. 2019 அக்டோபர்ல வெளியிட்டாங்க. ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் தர்ற புயல் எச்சரிக்கை, அலை உயரம், மீன் கிடைக்கக்கூடிய இடம் இதையெல்லாம் செயற்கைக்கோள் வழியா வாங்கி, புளூடூத்ல உங்க போனுக்குக் கொடுக்கும். ஒருவழிப் பாதை. நீங்க திருப்பிப் பேச முடியாது.

ரெண்டு, அவசர அழைப்புக் கருவி. டாட்னு சொல்வாங்க. இஸ்ரோ உருவாக்கினது, 2010 முதல் புழக்கத்துல இருக்கு. பட்டனை அமுக்கினா ஆபத்துச் செய்தி செயற்கைக்கோள் வழியா கடலோரக் காவல்படைக்குப் போகும். பழைய மாடல்ல ஒரு குறை: செய்தி போய்ச் சேர்ந்துதான்னு படகுல இருக்கிறவருக்குத் தெரியாது. 2024 ஜனவரில வந்த ரெண்டாம் தலைமுறைக் கருவி, "கிடைச்சது"ன்னு பதில் காட்டும். மூழ்குற படகுல இருக்கிறவங்களுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சுப் பாருங்க. பழைய டாட் வெச்சிருக்கிறவங்க மாத்த இது ஒண்ணே போதுமான காரணம்.

மூணு, டிரான்ஸ்பாண்டர். 2024 ஆகஸ்ட் 30-ல தொடங்கின மத்திய அரசுத் திட்டம், ஒரு லட்சம் படகுகளுக்கு, 364 கோடி ரூபாய், மீனவருக்கு இலவசம். படகு எங்கே இருக்குன்னு கரைக்குச் சொல்லும், குறுஞ்செய்தி ரெண்டு பக்கமும் போகும், எல்லைக் கோட்டை நெருங்கினா எச்சரிக்கும்.

"எப்போ பார்த்தாலும் நம்மளைப் பார்த்துக்கிட்டே இருக்குமே" அப்படிங்கிற தயக்கம் இதுல வரும். அது நியாயமான தயக்கம்தான். படகு எங்கே போச்சுங்கிற பதிவு மீனவருக்கு எதிராவும் பேசலாம். ஆனா நாங்க கோட்டைத் தாண்டலைன்னு சொல்றவங்களுக்கு, தேதியோட, நேரத்தோட, கரைலயே பதிவாகிற சாட்சி வேற எது இருக்கு? சொந்த ஜிபிஎஸ்ல இருக்கிற பதிவு படகோட சேர்ந்தே பறிமுதல் ஆயிடுது. கரைல இருக்கிற பதிவை யாரும் பறிக்க முடியாது.

இந்த எச்சரிக்கை எல்லாம் இருந்தும் படகு ஏன் தாண்டுது? எப்பவும் தெரியாமத்தான் தாண்டுறாங்கன்னு சொல்ல முடியாது, மீன் இருக்கிற பக்கம் போறதும் உண்டு. ஆனா இன்ஜின் நின்னா நிலைமையே வேற. மணிக்கு ஒரு கடல் மைல் நீரோட்டம் மூணு மணி நேரத்துல படகை மூணு கடல் மைல் தள்ளும். அப்போ கருவி சரியா காட்டிக்கிட்டுதான் இருக்கும். நீங்க தள்ளிப்போறதை மீட்டர் மீட்டரா காட்டும். அந்த நேரத்துல உதவுறது கரைக்குச் செய்தி அனுப்புற கருவிதான்.

மேலே இருக்கிற கருவியும் பழசாகும்

இந்தியாவோட சொந்த வழிகாட்டி அமைப்பு நாவிக். முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ல போச்சு. வழிகாட்டிச் செயற்கைக்கோள்னா அடிப்படைல அது பறக்கிற ஒரு கடிகாரம். சிக்னல் கிளம்பின நேரத்தையும் வந்த நேரத்தையும் கழிச்சுத்தான் தூரம் தெரியும். ஒரு நொடில பத்து லட்சத்துல ஒரு பங்கு தப்பினா 300 மீட்டர் தள்ளும். அதனால ஒவ்வொண்ணுலயும் மூணு அணுக் கடிகாரம் வெச்சாங்க. வெளிநாட்டுல வாங்கினது. முதல் செயற்கைக்கோள்ல மூணுமே பழுதாச்சு.

அதுக்கு மாத்தா 2017 ஆகஸ்ட் 31-ல அனுப்பினது வெப்பக் கவசம் பிரியாம வீணாச்சு. 2018 ஏப்ரல்ல அடுத்தது போய்ச் சேர்ந்தது. 2023 மே 29-ல போன என்விஎஸ்-01-ல முதல்முறையா இந்தியாவுலயே செய்த அணுக் கடிகாரம். 2025 ஜனவரி 29-ல போன என்விஎஸ்-02 வேண்டிய பாதைக்கு ஏற முடியலை. படகுல வயர் மாத்துறதே கஷ்டம்னு நினைச்சோம்!

இதுல வாங்குறவங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. ஒரே அமைப்பை நம்புற கருவியை விட, ஜிபிஎஸ்ஸும் நாவிக்கும் சேர்ந்து எடுக்கிற கருவி நல்லது. ஒண்ணு தடுமாறினா இன்னொண்ணு பிடிக்கும். பழைய ஜிபிஎஸ்ஸை சாஃப்ட்வேர் போட்டு நாவிக் ஆக்க முடியாது, ஏன்னா நாவிக் ஆரம்பத்திலிருந்து பயன்படுத்தின அலைவரிசையே வேற.

எல்லாமே அணைஞ்சா?

கோல்டன் குளோப்னு ஒரு பாய்மரப் படகுப் பந்தயம். தனியா, எங்கேயும் நிக்காம உலகத்தைச் சுத்தணும். அதுல ஜிபிஎஸ் பார்த்து ஓட்டக் கூடாது. செக்ஸ்டன்ட்டால சூரியனையும் நட்சத்திரத்தையும் அளந்து, காகித வரைபடத்துல கோடு போட்டுத்தான் போகணும். நம்ம கடற்படையில இருந்த அபிலாஷ் டோமி 2018 பந்தயத்துல புயல்ல சிக்கி முதுகெலும்பு முறிஞ்சு மீட்கப்பட்டவர். மறுபடியும் போய் 2023 ஏப்ரல்ல ரெண்டாவதா வந்து முடிச்சார்.

எல்லாரும் அப்படிப் போகணும்னு இல்லை. ஆனா மின்சாரம் இல்லாம வேலை செய்ற மூணு விஷயம் படகுல இருக்கலாம். ஒரு காம்பஸ். ஈயக்குண்டு கட்டின ஒரு கயிறு. முக்கியமான புள்ளிகளை எழுதின ஒரு நோட்டு, எந்த முறைல எழுதினதுன்னு மேலேயே குறிச்சு வெச்சது. இந்த நோட்டோட ஒரு நகலை வீட்டுலயும் வைங்க.

கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிக்கிற நேரம், இந்த வேலையை எல்லாம் செய்றதுக்கு ஏத்த நேரம். வரிசை இதுதான்: முதல்ல பழசுல இருக்கிற புள்ளிகளை நோட்டுல எழுதுங்க. ரெண்டாவது வயரையும் பேட்டரியையும் சரி பண்ணுங்க. மூணாவது, அதுக்கப்புறமும் வேலை செய்யாததை மட்டும் மாத்துங்க. நாலாவது, எழுதுற முறை, டேட்டம், ஆழத்தோட அளவு மூணையும் செட்டிங்ஸ்ல பாருங்க. அஞ்சாவது, பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடுங்க. கடைசியா, படகுல போற எல்லாருக்கும், டிரைவருக்கு மட்டும் இல்லை, அவசர பட்டன் எதுன்னு காட்டிக் கொடுங்க. கரையோரத்துல போன் எடுக்கும்னா கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093.

அடுத்த தடவை நீங்க ராமேஸ்வரம் போய், புதுப் பாம்பன் பாலத்தோட 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி மேலே ஏற, கீழே படகுகள் வரிசையா போறதைப் பார்த்தா, ஒவ்வொரு படகோட கூரை மேலயும் இருக்கிற அந்த வெள்ளைக் காளான் மாதிரி ஆன்டெனாவைப் பாருங்க. அதுக்குக் கீழே ஒரு சின்னத் திரை, அதுல ஆறு புள்ளியை இணைச்ச ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எண் எண்ணா ஏத்தியிருக்கார்.